நாண் மாட்ட ஓர் ஆள்

சொந்த வீட்டில் தனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்று எடை அளவு இன்ஸ்பெக்டர் ஒரு விடுமுறை நாள் காலையில் தீர்மானித்தார். கதவு என்றால் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளக்கூடிய கதவு. குளியலறைக் கதவு கணக்கில் வராது. அதை வெளியிலிருந்து தட்டுவார்கள்.

தெருவில் அவருக்குத் 'தராசு' என்று பெயர். கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதிப்பதும், துணிக்கடையில் மீட்டர் கோலை வாங்கித் தன் ஸ்டீல் டேப்போடு ஒட்டி வைத்துப் பார்ப்பதும்தான் உத்தியோகம். நூலிழை குறைந்தாலும் விடமாட்டார். வெளியே அப்படி. வீட்டுக்குள் அவரை நிறுத்துப் பார்க்கிற தராசு ஒன்று இருந்தது. அது சமையலறையில் நின்றபடி, "எடுத்ததை எடுத்த இடத்துல வைங்க" என்று சொல்லும். அதன் முள் ஒருநாளும் அவர் பக்கம் சாய்ந்ததில்லை.

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பின்னறை காலியாகக் கிடந்தது. அந்த அறையின் மேல் அவருடைய மனைவிக்கும் ஒரு கண். பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு வேலையை ஆரம்பித்து, நடுவில் யாரும் வந்து "சீப்பு எங்கே?" என்று கேட்காமல், முடித்ததாகச் சரித்திரம் இல்லை. சீப்பு எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். கேட்கிறவரும் எப்போதும் ஒருவர்தான்.

அன்றைக்கு மகளின் பழைய கட்டிலை அவர் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் கட்டிலின் பக்கச் சட்டம். வாசற்படியில் மனைவி.

"இந்த ரூமை நான் எடுத்துக்கலாம்னு இருக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"எதுக்குன்னா எதுக்கு! ரூம்னா ஒரு காரணம் வேண்டாமா? நான் தையல் மெஷின் போடப் போறேன். நீங்க என்ன பண்ணப் போறீங்க? உட்கார்ந்து கொட்டாவி விடவா? அதுக்கு ஹால் போதும். இத்தனை வருஷமா போதலையா?"

அவர் பதிலுக்காகச் சுற்றுமுற்றும் பார்த்தார். கையில் இருந்த சட்டம்தான் கண்ணில் பட்டது. நீளமாக, லேசாக, முடிச்சு எதுவும் இல்லாத மரம். ஒரு நுனியை அழுத்தினால் கொஞ்சம் வளைந்து கொடுத்தது.

"வில் செய்யப் போறேன்."

"என்னது?"

"வில். மரத்துல. என் கையாலேயே."

"யாரைக் கொல்ல?"

"கொல்றதுக்கு இல்ல. அது ஒரு கலை."

"தோசைக் கரண்டிக்குக் கைப்பிடி கழண்டு ஆடிட்டு இருக்கு. அந்தக் கலை எப்ப வரும்?"

ஆனால் அவள் சிரிக்கவில்லை. அவர் கவனித்திருக்க வேண்டியது அதைத்தான். அவள் சிரிக்காதபோது யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

"சரி. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை என் தம்பி வரான். அவன் முன்னாடி, நீங்க செஞ்ச வில்லுல, நீங்க கட்டின நாண்ல, ஒரே ஒரு அம்பு விடுங்க. பின்பக்கச் சுவர்ல பழைய தலையணையைத் தொங்கவிடறேன். அம்பு குத்தி நின்னா ரூம் உங்களுது. சாவியைக் கையில கொடுத்துடறேன். கீழே விழுந்தா என்னுது. அப்புறம் ரூம் பேச்சே எடுக்கக் கூடாது."

"சம்மதம்" என்றார் தராசு. வாயைக் கொடுத்தாகிவிட்டது.

வில் என்னவோ எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. இரண்டு பக்கத்தையும் ஒரே கனத்தில் இழைக்க வேண்டும். ஒரு பக்கம் தடித்தால் வில் கோணிக்கொள்ளும். இழைப்பதும் அளப்பதும், அளப்பதும் இழைப்பதுமாக அவர் ஆனந்தமாக இருந்தார். இரு நுனியிலும் நாண் உட்கார அரத்தால் வெட்டு போட்டார். வீடு முழுக்க மரத்தூள். மனைவி ஒன்றும் சொல்லாமல் பெருக்கினாள். அதையும் அவர் கவனித்திருக்க வேண்டும்.

சிக்கல் நாணில் ஆரம்பித்தது. என்ன நீளம்?

அவர் பார்த்த வீடியோவில் தாடிக்காரர் ஒருவர் சாவகாசமாக விளக்கினார். நாண் வில்லைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்க வேண்டுமாம். மாட்டிய பிறகு, கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, வில்லின் நடுவில் வைத்தால் விரல் நுனி நாணைத் தொட வேண்டுமாம். அதுதான் சரியான இடைவெளியாம். வேலை முடிந்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரம் வளைந்தபடியே நின்று செத்துப்போகும் என்றும் சொன்னார். கடைசியில் சொன்னதை இன்ஸ்பெக்டர் மனதில் குறித்துக்கொண்டார். முதலில் சொன்னதைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்தது.

"முஷ்டி ஒரு அளவா? யாரோட முஷ்டி? அவன் முஷ்டியா, என் முஷ்டியா? கொஞ்சமாம், கொஞ்சம்! கொஞ்சம்னா எவ்வளவு?"

"நீங்க குழம்புல உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்வீங்கல்ல, அவ்வளவு" என்றது சமையலறை.

கயிறு வாங்க முக்குக்கடைக்குப் போனார். அந்தக் கடைக்காரர் முன்பு நைலான் கயிற்றை முழம் போட்டுத்தான் விற்றுவந்தார். அதற்காக அவர்மேல் கேஸ் எழுதியவரே நம் தராசு. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில், அரசாங்க முத்திரையோடு, பளபளவென்று ஒரு மீட்டர் கோல் நின்றது.

"கயிறு எவ்வளவு சார் வேணும்?"

"சுமாரா ஒரு..."

"சுமாரான்னு ஒரு அளவு கடையில இல்லையே சார். இருந்துது. நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்க."

ஒரு சுருள் முழுக்க வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் நாணை வில்லின் நீளத்துக்கே வெட்டினார். மரத்துக்கு என்ன நீளமோ கயிற்றுக்கும் அதே நீளம் என்பதுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது. மாட்டினார். வில் வளையவே இல்லை. நாண் தொய்ந்து தொங்கியது. மனைவி ஈரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அதன்மேல் காயப்போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்ததைக் கணக்குப் போட்டுக் குறைத்து வெட்டினார். இம்முறை வில்லை வளைத்தால்தான் நாண் எட்டும். முற்றத்துக்கு வந்து, கீழ் நுனியைச் சுவர் மூலையில் ஊன்றி, நடுவில் முழங்காலைக் கொடுத்து, மேல் நுனியை இரண்டு கையாலும் இழுத்து வளைத்தார். வளைந்தது. கயிற்றின் கண்ணியை இனி அந்த நுனி வெட்டில் மாட்ட வேண்டும். எந்தக் கையால்? ஒரு கையை எடுத்தால் வில் நிமிர்ந்து தாடையில் அடிக்கும். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதில்மேல் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒரு கை கொடுங்களேன். நான் வளைச்சுப் பிடிச்சுக்கறேன். நீங்க இந்தக் கண்ணியை அந்த வெட்டுல மாட்டணும். அவ்வளவுதான்."

டாக்டர் நாணையும் மரத்தையும் இடையில் இருந்த இடுக்கையும் பார்த்தார். பிறகு தன் விரல்களைப் பார்த்தார்.

"நடுவுல நீங்க விட்டுட்டா?"

"விடமாட்டேன்."

"என் பேஷண்ட்டெல்லாம் கடிக்கமாட்டேன்னுதான் சார் சொல்றாங்க."

முகம் மதிலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

வேறு வழி?

"ஏம்மா, ஒரு நிமிஷம் வாயேன்."

"அடுப்புல வேலை இருக்கு."

"ஒரே ஒரு கண்ணி மாட்டணும்மா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வில்லைப் பார்த்தாள். முக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"மாட்டறேன். ஜன்னல் எனக்கு."

"எந்த... ஜன்னல்?"

"பின்னறை ஜன்னல். வெளிச்சத்துலதான் மெஷின் போட முடியும்."

"ஜெயிச்சா ரூம் எனக்குன்னுதானே பேச்சு?"

"ரூம் உங்களுதுதான், யார் இல்லேன்னா? ஜன்னல் ஓரமா மட்டும் என் மெஷின் இருக்கும். வில்லுக்கு எதுக்கு வெளிச்சம்? அது என்ன பேப்பர் படிக்கப் போகுதா?"

இரண்டு கையும் வில்லில் இருந்தன. அறையின் பரப்பில் ஜன்னல் ஓரம் எத்தனை விழுக்காடு என்று அந்த நிலையிலும் ஒரு கணக்குப் போட்டார். தாங்கும்.

"சரி, சரி, மாட்டு!"

மாட்டினாள். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். வில் வில்லாக நின்றது. தராசுக்குக் கண் கலங்கியது. அம்பில்லாமல் இழுத்து விட்டால் மரம் விரிசல் விடும் என்று தாடிக்காரர் சொல்லியிருந்ததால், ஒரு மூங்கில் குச்சியை வைத்து, இழுத்து, விட்டார்.

குச்சி காலடியில் விழுந்தது. நாண் அவருடைய இடது முன்கையில் பளார் என்று அறைந்தது.

இடைவெளி போதவில்லை. மேஜைமேல் படுத்திருந்தபோது அளந்த நைலான், வில்லில் ஏறியதும் இழுபட்டு நீண்டுவிட்டது. அளந்த பிறகு நீளம் மாறுகிற ஒரு பொருளை அவர் சர்வீஸில் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் கேஸ் எழுதியிருப்பார்.

மனைவி எண்ணெய் தடவிவிட்டாள். "வில்லு அடிக்கும்னு தெரியும். செஞ்சவரையே அடிக்கும்னு தெரியாமப் போச்சே."

"நாணைக் கழட்டணும். அதுக்கு என்ன கேட்பே?"

"கழட்டறது சும்மா" என்றாள்.

பெருந்தன்மையானவள்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவர் வளைக்க, அவள் கண்ணியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

கோபத்தில் அடுத்த கயிற்றைத் தாராளமாகக் குறைத்து வெட்டினார். அதை மாட்டக் கூப்பிட்டபோது அலமாரியைக் கேட்டாள். கொடுத்தார். வளைத்தார், இன்னும் வளைத்தார், கண்ணி வெட்டுக்கு எட்டவே இல்லை. மரம் 'கிரீச்' என்றது.

"கட்டிலா இருந்தப்பவும் இதே சத்தம்தான். நம்ம பொண்ணு திரும்பிப் படுக்கிறப்பல்லாம்."

"பேசாம மாட்டு!"

"எட்டலைங்க. வில்லு ரெண்டாப் போகப் போகுது. விடுங்க."

விட்டார். மூச்சு வாங்கியது.

"மாட்டலையே. அப்ப அலமாரி?"

"வந்து நின்னேன்ல? நான் நின்ன நேரத்துல அடுப்புல இருந்தது கருகிடுச்சு. அலமாரி எனக்குத்தான்."

அடுத்த கயிறு மறுபடி நீளம். அதை மாட்டிய கூலிக்கு மின்விசிறி அவளுக்குப் போனது. அடுத்தது ஒரு பக்கம் முடிச்சு நழுவி, நாண் பறந்துபோய் டாக்டர் வீட்டு ரோஜாச்செடியில் தொங்கியது. அதற்கு மேற்குச் சுவர். "சுவரை வச்சுகிட்டு என்னம்மா பண்ணுவே?" என்று கேட்டதற்கு, "சாய்ஞ்சுக்குவேன்" என்றாள்.

சுருள் தீர்ந்தது. முக்குக்கடைக்கு மறுபடி போக அவருக்கு முகம் இல்லை. செருப்புத் தைப்பவரிடம் மெழுகு நூல்கண்டு வாங்கிவந்தார். அது அவ்வளவாக நீளாது. நூலைப் பல இழையாகச் சேர்த்து முறுக்கிக்கொண்டிருந்தபோது, கைகள் வேலையில் இருந்ததால் வாய் சும்மா இருந்தது. வாய் சும்மா இருந்ததால் மூளைக்கு ஒரு வழி கிடைத்தது. நீளத்தைக் கத்தியால் முடிவு பண்ணியதுதானே இத்தனை கூத்துக்கும் காரணம்? வெட்டினால் திரும்ப ஒட்டாது. ஒரு நுனியில் கண்ணி வைத்து, மறு நுனியை அவிழ்த்துக் கட்டக்கூடிய முடிச்சாகப் போட்டுவிட்டால்? நீளம் கூடினால் முடிச்சை ஏற்றலாம். கொஞ்சம்தான் வேண்டுமென்றால் நூலை இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினால் அதுவே சுருங்கும். 'கொஞ்சம்' என்பது எவ்வளவு என்று கடைசியில் அவருக்கு விளங்கிவிட்டது. அது ஒரு முறுக்கு.

"ஏம்மா..."

"மத்தியானம் எனக்கு."

அவள் வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். பேரம் பேசும் கட்டத்தை இருவரும் தாண்டியிருந்தார்கள். மத்தியானம் அவர் ஆபீஸில் இருப்பவர்தானே? கொடுத்தார். மாட்டினாள். முடிச்சைக் கொஞ்சம் ஏற்றிக் கட்டி, மறுபடி மாட்டினார்கள். அதற்குச் சாயங்காலமும் போனது.

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். மதில்மேல் முகம் இல்லை. ஸ்டீல் டேப்பைப் பையிலேயே விட்டுவிட்டு, கையை முஷ்டியாக மடக்கி, கட்டைவிரலை நிமிர்த்தி, திருட்டுத்தனமாக வில்லின் நடுவில் வைத்தார். விரல் நுனி நாணைத் தொட்டது. தொட்டதென்றால் அப்படியொரு தொடல். ஊசி முள் நேராக நிற்கிற தராசைப் போல.

"எத்தனை முழம்?" என்றாள் மனைவி.

நாணை விரலால் சுண்டினார். 'டங்' என்றது. குச்சியை வைத்து விட்டதும் அது காற்றைக் கிழித்துக்கொண்டு போய் மதிலில் மோதி ஒடிந்தது. கையில் அடி இல்லை.

சந்தோஷத்தில் இருந்தவரிடம் அவள் கேட்டாள். "அப்ப உங்களுக்கு ரூம்ல என்னதான் மிச்சம்?"

அவர் யோசித்தார். ஜன்னல் இல்லை, அலமாரி இல்லை, காற்று இல்லை, சுவரில் ஒன்று இல்லை. பகல் என்பதே ஏறக்குறைய இல்லை.

"கதவு" என்றார். "ஜெயிச்சதும் உள்ள போவேன். சாத்திக்குவேன். அது போதும். கதவை மட்டும் கேட்டுடாதே. தரமாட்டேன்."

"நான் கேட்டேனா?" என்றபடி கண்ணியைக் கழற்றிக் கொடுத்தாள். சும்மாதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் மச்சான் வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்தான். வந்த கையோடு அக்காவின் தையல் மெஷினை ஒற்றை ஆளாகத் தூக்கிப் பின்னறை ஜன்னலோரம் வைத்துக் கொடுத்திருந்தான். பல் டாக்டர் மதிலுக்குப் பின்னால். சுவரில் தலையணை.

தராசு வளைத்தார். மனைவி வந்து ஒரு வார்த்தை பேசாமல் நாணை மாட்டினாள். அவர் சந்தேகமாகப் பார்த்தார்.

"எதுவும் கேட்கலையா?"

"இன்னிக்குப் பந்தயம். இன்னிக்குக் கேட்டா நல்லா இருக்குமா?"

முஷ்டியை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. கூர் சீவிய மூங்கில் அம்பை வைத்தார். மூச்சைப் பிடித்தார். இழுத்தார். காதுவரைக்கும் வந்தது நாண். மச்சான் நாற்காலியில் நிமிர்ந்தான்.

விட்டார்.

'தொப்' என்று ஒரு சத்தம். பஞ்சு பறந்தது. அம்பு தலையணையில் குத்தி, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"அத்தான்!" மச்சான் எழுந்தேவிட்டான். "நீங்களா அத்தான்? உங்க வில்லா இது? கடையில வச்சா இதுக்கு க்யூ நிக்கும் அத்தான்!"

மதில்மேலிருந்து கைதட்டல். மனைவியும் கைதட்டினாள். பொய்க் கைதட்டல் இல்லை. அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. இடுப்பிலிருந்து பின்னறைச் சாவியை எடுத்து, எல்லார் முன்னாலும், அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ரூம் உங்களுது. பேச்சுன்னா பேச்சுதான்."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் ஒரு சுற்று நடந்தார். எத்தனையோ கடைகளில் எத்தனையோ பேரை நடுங்க வைத்தவர்தான்; ஆனால் இந்த மாதிரி நடந்தது இதுதான் முதல் தடவை.

"இதை அப்படியே மாட்டி வச்சிடாதீங்க அத்தான்" என்றான் மச்சான். "நாணைக் கழட்டிடுங்க. மரம் புதுசு. இப்படியே கிடந்தா கூன் விழுந்துடும். அப்புறம் அம்பு முற்றத்தைக்கூடத் தாண்டாது."

"தெரியும்ப்பா, தெரியும்." கீழ் நுனியை மூலையில் ஊன்றி, முழங்காலைக் கொடுத்து, வளைத்தார். "ஏம்மா, வா. கழட்டு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வில்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவசரப்படவில்லை.

"கழட்டறேன். கதவு எனக்கு."

"கழட்டறது சும்மான்னு சொன்னியே!"

"பந்தயம் முடியற வரைக்கும் சும்மா. முடிஞ்சிடுச்சு. நீங்கதான் ஜெயிச்சுட்டீங்களே."

அவர் மதிலைப் பார்த்தார். டாக்டர் பத்து விரல்களையும் விரித்துக் காட்டிவிட்டு மறைந்தார். மச்சானைப் பார்த்தார். மச்சான் அக்காவைப் பார்த்தான். உடனே அவனுக்கு ஒரு கை விளங்காமல் போனது. "ரெண்டு நாளா தோள்பட்டை வலி அத்தான். தூக்கவே முடியல" என்று, சற்றுமுன் தையல் மெஷினைத் தூக்கிய அதே தோளைத் தடவிக்கொண்டான்.

நாணை அறுத்துவிடலாமா? அறுத்தால் வில் விருட்டென்று நிமிர்ந்து பிளந்துவிடும். அது கிடக்கட்டும், உலகத்தில் சரியான நீளத்தில் இருந்த ஒரே நாண் அது. அப்படியே விட்டுவிடலாமா? மரம் அவர் கண்ணெதிரே கூன் போடும். வில் இல்லாமல் கதவு வேண்டுமா, கதவு இல்லாமல் வில் வேண்டுமா? வில் முழங்காலை அழுத்தியது. அதுவும் அவள் பக்கம்.

"சாவி சட்டைப்பையில இருக்கு" என்றார். "நீயே எடுத்துக்கோ. கை காலி இல்ல."

எடுத்துக்கொண்டாள். கண்ணியைக் கழற்றினாள். அந்த நாணைப் பக்குவமாகச் சுருட்டி அவர் கையில் வைத்தாள். வில் நிமிர்ந்து, பெருமூச்சு விட்டதுபோல், மறுபடி சட்டமாகி நின்றது. பிறகு அவள் பின்னறைக்குப் போனாள். அவர் பின்னாலேயே போனார்.

"இதை நான் எங்கதான் வைக்கிறது?"

"எடுத்த இடத்துல வைங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எடுத்த இடம் என்றால் கட்டில். கட்டில் உள்ளே இருந்தது.